பெண் பார்க்க வந்தவர்கள் புடவை பார்த்தார்கள்

மற்ற ஊர்களில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பார்கள், வீட்டைப் பார்ப்பார்கள், கொஞ்சம் விவரமானவர்களாக இருந்தால் கொல்லைக் குழாயைத் திருகித் தண்ணீர் வருகிறதா என்றும் பார்ப்பார்கள். ஆரணிக்கு வருகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை உண்டு. வந்தது வந்தோம், அப்படியே நாலு பட்டுப் புடவையும் பார்த்துவிட்டுப் போய்விடலாமே. கார் வாடகைக்கும் ஒரு நியாயம் கிடைத்த மாதிரி இருக்கும்.

எங்கள் வீட்டில் தறி கிடையாது. எங்கள் வம்சத்தில் யாரும் தறிக்குழியில் கால் வைத்ததில்லை. அப்பா அரிசி ஆலையில் மெஷின் பார்க்கிறார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தவிடும் குருணையும்தான். ஆனால் இதை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைக்க முடியாது. ஆரணி என்று சொன்னதுமே வீட்டுக்கு வீடு தறி ஓடுவதும், கூடம் முழுக்கப் பட்டு நூல் தொங்குவதும், நாங்கள் பல் தேய்த்துவிட்டு வந்து ஆளுக்கொரு புடவை நெய்வதுமாக அவர்களுக்கு ஒரு படம் ஓட ஆரம்பித்துவிடும். "உங்களுக்கு இன்னாங்க, நெய்யற விலைக்கே கெடைக்கும்" என்பார்கள். எங்களுக்கு நெய்கிற விலைக்குக் கிடைப்பது பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் ஒன்றுதான்.

அந்தப் பக்கத்து வீட்டு அண்ணன் நெசவாளர். அண்ணி நூல் சுற்றுவார், விலை பேசுவார், ஊரில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எங்களுக்குச் சொல்வார். எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கடைசியில் அவர்கள் வீட்டுப் பாயில்தான் போய் உட்கார்ந்தார்கள்.

கல்லூரிக் கடைசி வருடத்தில் எங்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட ஒருவரைக் கூட்டிவந்தார்கள். கோட்டுப் போட்டிருந்தார். புத்தகங்களை மறந்துவிடுங்கள், சொந்த அனுபவத்தில் கற்றுக்கொள்ளுங்கள் என்று மதியம் முழுக்க ஒரு புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். மற்றவர்கள் தூங்கினார்கள். நான் நம்பிவிட்டேன். அன்றிலிருந்து பால் பொங்கி வழிந்தாலும் அதில் எனக்கு ஒரு பாடம் இருக்கும். பாடம் எடுத்துக்கொள்ளாமல் நான் ஒரு பஸ்ஸைக்கூடத் தவறவிட்டதில்லை. ஒரே சிக்கல், வேலை கிடைக்கும்வரை வீட்டில் உட்கார்ந்து ஆன்லைன் வகுப்புகளாகப் பார்த்துத் தள்ளுகிறவளுக்குச் சொந்த அனுபவம் எங்கிருந்து வரும்? அக்காவிடமிருந்து வந்தது. பரீட்சை அவளுக்கு, பாடம் எனக்கு.

அக்கா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நரம்பே கிடைக்காத ஆட்களிடமும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள் என்று பெயர். இதைக் கல்யாண பயோடேட்டாவில் போடலாமே என்று யோசனை சொன்னேன். அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கே ரத்தம் வந்திருக்கும்.

முதலில் வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டார்கள், அக்காவை ஒரு பார்வை பார்த்தார்கள், பக்கத்து வீட்டில் சாயங்காலம்வரை புடவை பார்த்தார்கள். போகும்போது, "ஊருக்குப் போய் போன் பண்றோம்" என்றார்கள். போன் வந்தது, அண்ணிக்கு. ஜாக்கெட் துணி தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு. அடுத்து வந்தவர்கள் கிரகப்பிரவேசத்துக்கு வாங்கினார்கள். அதற்கடுத்து வந்தவர்கள் பையனையே கூட்டிவரவில்லை. காரில் பை வைக்க இடம் வேண்டும் அல்லவா. அப்பா மட்டும் ஒவ்வொரு முறையும், "நல்ல குடும்பம், பேச்சுலயே தெரியுது" என்பார். அப்பாவுக்கு எல்லாக் குடும்பமும் நல்ல குடும்பம். மெஷினில் கல் சிக்கினால் கண்டுபிடிக்கிறவர், மனிதர்களில் கண்டுபிடித்ததில்லை.

அண்ணி வெளிப்படையாகவே சொன்னார். "உங்க அக்காவுக்கு இன்னும் நாலு வரன் வந்துச்சின்னா நான் மாடி எடுத்துடுவேன்டி. ஜல்தியா முடிச்சிடாதீங்க."

அக்கா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. லேபிலிருந்து வந்து, கை கழுவி, பொட்டு வைத்து, தட்டை எடுத்துக்கொண்டு போவாள். வந்தவர்கள் போனதும் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் படுத்துவிடுவாள். அவளுக்கு இது இன்னொரு ஷிப்ட்.

சென்னைப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வரும்வரை அப்படித்தான் போனது.

அந்தப் பையன் சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. மொட்டை மாடியில் தனியாகப் பேசச் சொன்னபோது, தான் ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவேன், பள்ளியில் சுகாதார முகாம் நடந்த அன்று விழுந்து பல் உடைந்தது என்று அந்தப் பல்லைக் காட்டியிருக்கிறான். துணி எடுக்கிற சாக்கில் படிக்கட்டில் நின்றிருந்த எனக்குக் கேட்டது அக்காவின் சிரிப்பு. வந்தவர்களுக்காகச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. வீட்டில் என் தலையில் ஏதாவது விழுந்தால் சிரிப்பாளே, அது.

கீழே வந்ததும் அவள் என் காதில் கேட்ட ஒரே கேள்வி: "அப்பாகிட்ட அவங்க நம்பர் சரியா இருக்கா, பாத்தியா?"

அவளுக்குப் பிடித்துவிட்டது. இத்தனை தட்டு தூக்கியவளுக்கு முதல் தடவையாக ஒருத்தரிடமிருந்து பதில் தேவைப்பட்டது.

வழக்கப்படி பையனின் அம்மா, "வந்தது வந்தோம்" என்று ஆரம்பித்தார். எங்கள் அம்மாவின் முகம் வாடியது. நான்தான் உற்சாகமாக முன்னே ஓடினேன். தறியைக் காட்டினேன், பாவு எது, ஊடை எது என்றேன், பார்டருக்குத் தனியாக நூல் கோர்ப்பதை விளக்கினேன். எனக்கே அதில் பாதிதான் தெரியும். மீதியை முந்தின நாள் வீடியோவில் பார்த்திருந்தேன். நிஜமாகவே நெய்துகொண்டிருந்த அண்ணன் தறியை நிறுத்திவிட்டு என்னைக் கவனித்துக் கேட்டார்.

அப்போது அந்த அம்மா சொன்னார். "முகூர்த்தப் புடவை காட்டுங்க."

பாயில் இருந்த எல்லோரும் நிமிர்ந்தார்கள். எங்கள் பக்கம் முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. அதுவும் எல்லாம் பேசி முடித்து, தேதி குறித்து, பெண்ணைக் கூட்டிப்போய் அவளுக்குப் பிடித்த நிறத்தில் எடுப்பது. பேசி முடிக்காமல் அந்தப் புடவையின் பேரைக்கூட யாரும் எடுக்க மாட்டார்கள். அண்ணி அடுக்கின் அடியிலிருந்து நல்லவையாக உருவி எடுத்தார். அந்த அம்மா ஒவ்வொன்றாக அக்காவின் தோளில் போட்டுப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். அப்புறம் தேனாகக் கேட்டார், "நீயே ஒண்ணு சொல்லும்மா. எது நல்லா இருக்கு?"

அம்மா என் கையைக் கிள்ளினாள். அப்பா வாசலுக்குப் போய் எதற்கோ தொண்டையைச் செருமினார்.

அக்கா அம்மாவுக்குப் பிடித்த அரக்கு நிறத்தை எடுக்கவில்லை. வெங்காயச் சருகு நிறத்தில் கிளிப்பச்சை பார்டர் போட்ட ஒன்றைத் தொட்டாள். "இது" என்றாள், அவ்வளவுதான். அதையே வாங்கினார்கள். பையன் வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். போகும்போது அந்த அம்மா அக்காவின் கன்னத்தைத் தொட்டு, "ஊருக்குப் போய் போன் பண்றோம்" என்றார். இந்த முறை அது எங்களுக்கு எவ்வளவு இனிமையாகக் கேட்டது தெரியுமா.

அன்று சாயங்காலமே எங்கள் தெருவில் கல்யாணம் முடிந்துவிட்டது. அம்மா பெரணமல்லூர் சித்திக்குப் போன் போட்டு, "புடவையே எடுத்துட்டாங்கன்னா பாத்துக்கோயேன்" என்றாள். அப்பா மண்டபத்தில் எந்த முகூர்த்தம் காலியாக இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வந்தார். நான் நலங்கில் ஆட ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து, பாதி ஸ்டெப்பும் கற்றுவிட்டேன். வாய்ப்பு வரும்போது தயாராக இருக்க வேண்டும் என்பது கோட்டுக்காரர் வாசித்த இன்னொரு பக்கம்.

அக்கா குளிக்கப் போகும்போதும் போனைக் குளியலறை வாசலில் வைத்துவிட்டுப் போனாள்.

போன் வரவில்லை. அப்பா ஒரு தடவை கூப்பிட்டார். "பேசிகினு இருக்கோம், சொல்றோம்" என்றார்கள். வாரம் போனது. அப்பா மறுபடி கூப்பிட்டார், மணி அடித்து நின்றது. "பெரிய குடும்பம்னா நாலு பேர கலந்து பேசணும்ல" என்று அப்பா அவர்கள் சார்பில் விளக்கம் சொன்னார். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் தேதி கேட்டார்கள். லேபில் ஊசி குத்தும்போதுகூட, "எப்பம்மா கல்யாணம்?" என்று ஒருவர் கேட்டாராம். "கையை மடக்குங்க" என்று பதில் சொன்னாளாம் அக்கா.

பதில் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அம்மா காய்ச்சிய கூழைக் கொடுக்க நானும் அக்காவும் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தோம். அண்ணி இரண்டு கையிலும் நூலோடு உட்கார்ந்திருந்தார். போன் அடித்தது. கை காலி இல்லாததால் என்னை எடுத்து ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"நான்தாம்மா, அன்னைக்கு வெங்காயக் கலர் வாங்கிட்டுப் போனோமே" என்றது அந்த அம்மாவின் குரல். "எல்லாரும் புடவைய அப்படிப் பாராட்டுறாங்க. அதே பார்டர்ல நாத்தனாருக்கு ஒண்ணு வேணும்."

அண்ணிக்கு முகம் மலர்ந்தது. "அதுக்கென்னங்க, கல்யாணப் பொண்ணு இங்கதான் நிக்கிறா. எந்தக் கலர்னு அவளையே கேட்டுச் சொல்லிடறேன்."

போனில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம், "இல்லம்மா. பொண்ணு காஞ்சிபுரம்" என்றார். "அது முன்னாடியே பேசினதுதான். ரெண்டு எடத்துல ஜாதகம் சேர்ந்துது, எதுக்கும் ஒரு தடவை பாத்துடலாமேன்னு அங்க வந்தோம். அந்தப் பொண்ணும் இதே நிறம், இதே உயரம். அதான் தோள்ல போட்டுப் பாத்து எடுத்தேன். கச்சிதமா இருக்கு அவளுக்கு."

கடைகளில் கண்ணாடிக்குள் நிற்குமே பொம்மை, அதற்காவது மாதம் ஒருமுறை தூசி தட்டுகிறார்கள்.

தறிக்குழியிலிருந்து அண்ணன் தலையைத் தூக்கினார். "காஞ்சிபுரத்துப் பொண்ணா? காஞ்சிபுரத்துப் பொண்ணு நம்ம புடவையா கட்டுறா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு ஒளி. எத்தனை வருடமாக அந்த ஊர்ப் பேரைச் சொல்லி இவர் புடவையை விலை குறைத்திருப்பார்கள்! அண்ணி அவரைப் பார்த்த பார்வையில் ஒளி அணைந்தது. அவர் திரும்பவும் குழிக்குள் குனிந்துகொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அன்று முழுக்கத் தறி கொஞ்சம் வேகமாகத்தான் ஓடியது.

அக்கா கூழ்ப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "நாத்தனாருக்கு மாம்பழ மஞ்சள் எடுக்கச் சொல்லுங்க அண்ணி. அந்த பார்டருக்கு அதுதான் நிக்கும்" என்றாள். வீட்டுக்கு வந்து, இரண்டு நாள் லேபுக்கு லீவு சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

வீட்டில் நாங்கள் மூவரும் இதிலிருந்து ஆளுக்கொரு பாடம் எடுத்துக்கொண்டோம். இனி வருகிறவர்களைப் பக்கத்து வீட்டுக்கு விடக்கூடாது என்பது அம்மாவின் பாடம். நல்ல குடும்பம்தான், நேரம் சரியில்லை என்பது அப்பாவுடையது. நான் ஒரு தோல்வியை எப்படி வாய்ப்பாக மாற்றுவது என்று அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்து விளக்கினேன். அவள் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். என் பேஜார் தாங்காமல் போர்த்திக்கொள்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு மணி நேரம் ஆனது. ஆன்லைன் வகுப்புகளில் போர்வையைப் பற்றிச் சொல்லித்தருவதில்லை.

கொஞ்ச நாளில் தெள்ளாரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் வந்தவாசியில் டிராக்டர் சர்வீஸ் செய்கிற இடத்தில் வேலை. அம்மா பஜ்ஜிக்கு வாழைக்காய் வாங்க எழுந்தாள்.

"இந்த வாட்டி அவங்க வர வேணாம். நாம போலாம்" என்றாள் அக்கா.

"எங்க போறது?" என்றார் அப்பா.

"அவங்க வீட்டுக்கு. பையனைப் பாக்க. நானும் வரேன்."

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெரியவர்கள் போவது உண்டு. அதுவும் பெண்ணைப் பார்த்துப் பிடித்த பிறகு. பெண்ணே எழுந்து, முதல் ஆளாக, பஸ் பிடித்துப் போவது எங்கள் பக்கத்தில் நடந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"இன்னாடி பேசற?" என்றாள் அம்மா. "பொண்ணு போவுமா? ஊரு சிரிக்கும்."

"ஊரு சிரிச்சி முடிச்சாச்சிம்மா. இப்ப நாம போலாம்."

அப்பா அந்த வீட்டுக்குப் போன் போட்டார். அவர் இத்தனை தயங்கிப் பேசி நான் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் போன் கை மாறியது. பிறகு பையனின் அம்மா, "வாங்களேன். ஆனா ஞாயித்துக்கெழம வேணாம், எங்க ஏரியாவுல கரண்டு இருக்காது. சனிக்கெழம வாங்க" என்றார். ஒரு மரபு உடையும்போது இடி இடிக்கும் என்று எதிர்பார்த்தேன். கரண்ட் விவரம்தான் வந்தது.

தெள்ளாரில் அந்தப் பையன் இஸ்திரி போட்ட சட்டையில் வியர்த்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். "நிமிந்து உக்காருடா, பாக்க வந்திருக்காங்க" என்றாள் அவன் தங்கை. அப்புறம், "பையனைப் பாக்க வந்தா பையன்தான் காபி எடுத்துகினு வரணும், போ போ" என்று அவனை எழுப்பி விரட்டினாள். காபியைத் தட்டில் சிந்திக்கொண்டே வந்தான். அப்பா பாவம் தாங்காமல் பாதி வழியிலேயே எழுந்துபோய் டம்ளரை வாங்கிக்கொண்டார்.

அன்று நாங்கள் எல்லோரும் கண்டெடுத்த ஆச்சரியம் எங்கள் அம்மா. வராமலே இருந்துவிடுவேன் என்று பஸ் ஏறும்வரை மிரட்டியவள், இன்னொருத்தி வீட்டுச் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வைக்கச் சொல்லிவிட்டு, "தண்ணி வசதி எப்படிங்க? பையனுக்கு வெளிப் பழக்கம் எதும் இல்லியே?" என்று கேட்டாள் பாருங்கள்! இத்தனை நாள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கேட்டு அந்தக் குரல் அவளுக்கு மனப்பாடம். கொல்லைக்குப் போய்க் குழாயையும் திருகினாள். தண்ணீர் வந்தது. கொஞ்சம் ஏமாற்றம்தான் அவளுக்கு.

அக்காவும் பையனும் மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்று வெகுநேரம் பேசினார்கள். இந்த முறை நான் ஒட்டுக் கேட்கவில்லை. மறைந்து நிற்கப் படிக்கட்டு இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா முன் சீட்டிலிருந்து திரும்பினார். "இன்னாம்மா சொல்றது அவங்களுக்கு?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏன் முதல்ல நீங்க வந்தீங்கன்னு கேட்டாருப்பா. நடந்ததெல்லாம் சொன்னேன். வெங்காயக் கலர் வரைக்கும். அந்தப் பையன் எடத்துல நீங்க இருந்திருந்தா உங்க அம்மாவைத் தடுத்திருப்பீங்களான்னு கேட்டேன்."

"இன்னா சொன்னாரு?"

"தெரியலன்னாரு. சத்தியமா தெரியலன்னு."

"இது ஒரு பதிலா?" என்றாள் அம்மா.

"அதான் யோசிச்சிகினு இருக்கேன்" என்றாள் அக்கா. "இன்னொரு வாட்டி பேசணும். அப்புறம்தான் சொல்ல முடியும்."

"சரி, முடிவு பண்ணதும் போன் பண்ணிக்கலாம்" என்று அப்பா திரும்பி உட்கார்ந்தார்.

"அப்பா."

மறுபடி திரும்பினார்.

"அதுவரைக்கும் அந்த வீட்ல எல்லாரும் போனையே பாத்துகினு இருப்பாங்கப்பா. இப்பவே போட்டுச் சொல்லிடு. முடிவு பண்ணல, வேணாம்னும் சொல்லல, இன்னும் ஒரு வாட்டி பேசணும்னு."

ஒன்றுமில்லை என்று சொல்வதற்காக ஒரு சம்பந்தி வீட்டுக்குப் போன் பண்ணுவது எப்படி என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. யாருக்குத்தான் தெரியும்? எனக்கோ, இதில் பெரிய பாடம் ஒன்று இருப்பது பளிச்சென்று தெரிந்துவிட்டது. "அக்கா, இதுல முக்கியமான பாயிண்ட் இன்னான்னா" என்று ஆரம்பித்தேன்.

"ஜன்னலைச் சாத்துடி, தூசி வருது" என்றாள்.

சாத்தினேன். அப்பா நம்பரைத் தேடி எடுத்து, காதில் வைத்து, ஒரு விரலால் இன்னொரு காதை அடைத்துக்கொண்டார். டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார்.

"ஆங், நான்தாங்க பேசறேன்… இல்லீங்க, வீட்டுக்குப் போவல, பஸ்லதான்… இல்லீங்க, ஒண்ணும் மறந்துட்டு வரல… பாப்பா இன்னும் முடிவு பண்ணலீங்க… ஆமாங்க! பண்ணலீங்க! அதச் சொல்லத்தான் கூப்ட்டேன்!"

பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அம்மா முந்தானையை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, அப்பா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார், "சந்தோஷங்க, சந்தோஷங்க" என்று வைத்துவிட்டார். சொன்னதற்கு நன்றி சொன்னார்களாம்.

எதிர் சீட்டில் மடியில் கீரைக் கட்டோடு இருந்த ஒரு பாட்டியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அக்காவின் பக்கம் சாய்ந்து, "இன்னாம்மா, உனக்கா கல்யாணம்?" என்று கேட்டார்.

"இன்னும் தெரியலீங்க" என்றாள் அக்கா, சிரித்தபடி.